பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு ஆள் சேராதபோதெல்லாம், 'மக்களுக்கு அக்கறை இல்லை' என்று நிர்வாகிகள் அலுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபோதும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு டேங்கர் லாரிக்குத் தவம் கிடந்தபோதும், இதே வீட்டுக்காரர்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே மணிக்கணக்கில் விவாதித்தார்கள். அக்கறை இருக்கத்தான் செய்கிறது. தாம் போனாலும் போகாவிட்டாலும் முடிவு மாறப்போவதில்லை என்ற எண்ணம்தான் அவர்களை வீட்டிலேயே இருத்திவிடுகிறது.

இந்த எண்ணத்துக்கு நாமே இடம் கொடுக்கிறோம். கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லையென்றால் அரை மணி நேரம் ஒத்திவைத்துவிட்டு, அதன்பின் இருப்பவர்களைக் கொண்டே கூட்டத்தை நடத்தலாம் என்று பல சங்கங்களின் துணைவிதியில் இருக்கிறது. அவசரத்துக்கு வைத்த விதி நாளடைவில் வாடிக்கையாகி, பத்து மணிக் கூட்டம் என்றால் பத்தரைக்குத்தான் தொடங்கும் என்பது எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. சொன்ன நேரத்துக்கு வந்து காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், அடுத்த ஆண்டு வருவாரா?

எங்கள் சங்கத்தில் நல்ல பலன் தந்தது, அழைப்பிதழை மாற்றி எழுதியதுதான். 'வரவேற்புரை, ஆண்டறிக்கை, வரவு செலவு, தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்' என்று ஆண்டுதோறும் ஒரே வாசகத்தை அனுப்பிவந்தோம். அதை விட்டுவிட்டு, பழைய லிப்டைப் பழுதுபார்ப்பதா, புதிதாகவே மாற்றுவதா என்ற ஒரே கேள்வியை மேலே போட்டு, வாங்கிய கொட்டேஷன்களின் நகல்களை இணைத்து, சதுர அடிக் கணக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு தொகை விழும் என்பதையும் அட்டவணையாகக் கொடுத்தோம். தம் வீட்டு எண்ணுக்கு நேரே ஒரு தொகையைக் கண்டவர்கள், அதை எதிர்ப்பதற்காகவாவது வந்து சேர்ந்தார்கள். எதிர்ப்பதற்கு வருவதும் வருகைதானே!

நேரத்தையும் மாற்றினோம். ஞாயிறு காலை பத்து மணி என்பது பல வீடுகளில் கறிக் குழம்பு கொதிக்கும் நேரம். அந்த வேளையில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைசொல்வதில் நியாயமில்லை. மாலை ஐந்து மணிக்கு மாற்றிய பிறகு, சம்பில் எப்போது தண்ணீர் குறைகிறது, எந்த மாடிக்கு மோட்டார் ஏற்றுவதில்லை என்பதை நேரில் அறிந்தவர்களும் பேசத் தொடங்கினார்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை என்றாலும், அவர்களையும் பேச அழைப்பது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் காணொளி வழியாக இணைந்தார்கள்.

பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைச் சபையில் உரக்க வாசிக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. பட்டியலில் இருப்பவர் அவமானத்துக்கு அஞ்சி வரமாட்டார், வசூலும் ஆகாது. தனிக் கடிதமே போதும்.

2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு மறுகட்டுமானம் செய்யலாம். முன்பு எல்லோருடைய ஒப்புதலும் வேண்டியிருந்தது. லிப்டுக்கே மூன்றில் ஒரு பங்கினரைக் கூட்ட முடியாத சங்கம், அத்தனை பெரிய முடிவை எப்படி எடுக்கும்?

வராதவர்களுக்கு அபராதம் விதிக்கலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்ளும் வசதி படைத்தவர்கள் எங்கள் குடியிருப்பில் நிறையவே உண்டு என்பதால், நான் அதற்குக் கை தூக்கவில்லை. அதற்குப் பதிலாக, என்ன முடிவானது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றை மட்டும் எழுதிய நடவடிக்கைக் குறிப்பு, கூட்டம் நடந்த அதே வாரத்தில் வாட்ஸ்அப் குழுவிலும் லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையிலும் வந்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.