ரிவர்ஸ் இல்லாத இரண்டு வாரம்

கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் கடைசி அண்டாவை ஏற்றி முடித்தபோது இரவு 11 மணி. வண்டியை எடுத்து ரிவர்ஸில் போட்டேன். எப்போதும் ஒரு சின்ன உதறலோடு பின்னுக்கு நகரும். அன்றைக்கு உதறலும் இல்லை, நகரவும் இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்தியது. முன்னால் ஆறடியில் சுவர். கடைசியில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் மச்சினனோடு சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். மறுநாள் அந்த வீட்டில் என் சாம்பாரைப் பற்றிப் பேசினார்களோ இல்லையோ, இதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியிருப்பார்கள்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, பியர்லாண்ட் பக்கம், நானும் மனைவியும் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறோம். வண்டி 2002ஆம் வருஷத்து செவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8 இன்ஜின், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல். அதுவரை 2,14,000 மைல் ஓடியிருந்தது. உள்ளே இருப்பது 4எல்60-ஈ என்ற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன். பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 4 கியர், எல் என்றால் நீளவாக்கில் பொருத்தியது, 60 என்பது தாங்குதிறனைக் குறிக்கும் எண், ஈ என்றால் மின்சாரக் கட்டுப்பாடு. நான் நாமக்கல்லில் பிறந்தவன். லாரிப் பட்டறை வாசலில்தான் பாதிப் பள்ளிக்கூட நாள் போனது. கியர்பாக்ஸ் என்றால் எனக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் கையால் போடுகிற கியர். ஆட்டோமேட்டிக் வேறு ஜாதி என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றைக் கவனித்தேன். 1ஆவது கியரில் நன்றாகக் கிளம்பியது. 2 விழ வேண்டிய இடத்தில், நியூட்ரலில் விட்டதுபோல இன்ஜின் எகிறியது. முதல் கியரிலேயே அழுத்தி வேகமெடுத்து, அப்புறம் காலைத் தளர்த்திக் கொஞ்சம் பொறுத்தால் 3 விழுந்து இழுத்தது. 4க்குப் போக வேண்டிய வேகத்தில் மறுபடியும் அதே எகிறல். இவ்வளவையும் கவனித்துவிட்டு அதை வைத்து ஒன்றும் யோசிக்காமல் வீடு வந்து சேர்ந்தேன் என்பதுதான் இந்தக் கதையில் என் முதல் தப்பு.

மறுநாள் காலையில் எண்ணெய் பார்த்தேன். இன்ஜின் எண்ணெயை இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்ப்போம். இந்த டிரான்ஸ்மிஷன் எண்ணெய் அப்படியில்லை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சூடாகியிருக்க வேண்டும், பார்க்கில் போட்டு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவ வேண்டும். அளவு சரியாக இருந்தது. நிறம்தான் சரியில்லை. செக்கச் செவேலென்று இருக்க வேண்டியது கரும்பழுப்பாக இருந்தது. மோந்து பார்த்தேன். மூன்று நாள் வடை சுட்ட எண்ணெயை என் மூக்குக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒரே ஆறுதல், ரோஸ் மில்க் நிறத்தில் இல்லை. அப்படி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். பி1870 என்று காட்டியது. உள்ளே ஏதோ நழுவுகிறது என்பதுதான் அந்தக் குறியீடு சொல்வது. எது நழுவுகிறது என்று அது சொல்வதில்லை. நான் அதைப் படித்தவுடன், கியர் மாற்றும் இரண்டு சோலனாய்டுகள் (மின்சாரத்தில் திறந்து மூடும் எண்ணெய் வால்வுகள்)தான் போயிருக்கும் என்று முடிவுகட்டினேன். காரணம், அவை மலிவு. எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினால் கைக்கு எட்டும். எளிதாக மாற்றக்கூடியதுதான் கெட்டிருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்படும், பாருங்கள்.

சட்டிக்கு 16 போல்ட், எல்லாம் 10 மில்லிமீட்டர். மூன்று பக்கம் கழற்றி ஒரு பக்கம் மட்டும் தளர்த்தி மெல்லச் சாய்த்தால் எண்ணெய் ஒரே பக்கமாக வடியும் என்பதைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகு தெரிந்துகொண்டேன். சட்டியின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். ஓடின வண்டியில் அதன்மேல் மைபோலச் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது சகஜம், தேய்மானம்தான். என் காந்தத்தில் பசையோடு சேர்ந்து எஃகுச் சிலாம்புகள் நட்டமாக நின்றன. விரலில் எடுத்து உருட்டினேன், குத்தியது. பதில் அங்கேயே இருந்தது. ஆனாலும் வாங்கிவிட்டோமே என்று புது சோலனாய்டுகளைப் போட்டு, புது ஃபில்டரைப் போட்டு, எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. 180 டாலர் போனது.

அந்த நாட்களில் ரிவர்ஸ் இல்லாமல் பிழைப்பு நடந்தது. எங்கே போனாலும் முதலில் வெளியே வரும் வழியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கடைகளில் எதிரெதிராக இரண்டு இடம் காலியாக இருந்தால்தான் நிறுத்துவேன். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறலாம். வீட்டு வாசல் சாலையைவிடக் கொஞ்சம் மேடு; நியூட்ரலில் விட்டால் வண்டி தானாகப் பின்னால் உருண்டு தெருவுக்கு வந்துவிடும். "ரிவர்ஸ் இல்லாம எத்தனை நாளைக்குங்க?" என்று மனைவி கேட்டாள். அந்த வாரம் இரண்டு ஆர்டர்களுக்கு மச்சினனின் காரில் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

எதிர் வீட்டுப் பெரியவர் மெக்சிகோவிலிருந்து வந்தவர். 30 வருஷம் டிரான்ஸ்மிஷன் பட்டறையில் இருந்து ஓய்ந்தவர். நான் உருண்டு இறங்குவதை நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒரு மாலையில் வந்து நின்றார். நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எது இல்லைன்னு சொல்லாதே. எந்தெந்தக் கியர் இருக்கு?"

"ஒன்று, மூன்று."

"அப்போ சன் ஷெல் கிழிஞ்சிருக்கு."

வண்டியைத் தொடக்கூட இல்லை. இதற்குள் இருப்பவை கோள்கள்போலச் சுற்றும் பற்சக்கரங்கள். நவக்கிரக சன்னிதியில் நடுவில் சூரியன் இருப்பதுபோல, நடுவில் ஒரு சக்கரம். அதன் பெயரும் சூரியன்தான், சன் கியர். சுற்றிலும் சின்னச் சக்கரங்கள், அவற்றைச் சுற்றி ஒரு வளையம். எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழற்றுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறுகிறது. பின்வரிசைச் சூரியனோடு பற்களால் கோத்திருக்கும் மணி வடிவத் தகட்டு உருளைதான் சன் ஷெல். 2க்கும் 4க்கும் ஒரு பட்டை இறுக்கி இதை அசையாமல் நிறுத்துகிறது. ரிவர்ஸுக்கு இதைச் சுழற்றுகிறார்கள். 1க்கும் 3க்கும் இதன் தயவு தேவையில்லை. ஆக, 2, 4, ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போய் 1, 3 மட்டும் நின்றால் வேறு எங்கேயும் தேட வேண்டியதில்லை. மண்டபத்திலிருந்து வந்த அன்றைக்கே என் கையில் இருந்த தகவல் இது.

டிரெய்லர் இழுக்கும்போது கியர் தண்டின் முனையில் இருக்கும் டோ-ஹால் பொத்தானை, அதாவது பாரம் இழுப்பதற்கேற்றபடி கியர் மாறவைக்கும் பொத்தானை, அழுத்துவாயா என்று கேட்டார். ஐந்து வருஷமாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் அழுத்தியதில்லை. எண்ணெய் மாற்றியதும் இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

ஷெல் 100 டாலருக்குள் கிடைக்கும். ஆனால் அதை எட்ட மொத்தத்தையும் இறக்கிப் பிரிக்க வேண்டும். சிலாம்பு எல்லா இடத்துக்கும் போயிருக்கும். எண்ணெய் கருகியிருப்பதால் கிளட்ச்சுகளும் தேறாது. ஒரு பட்டறையில் 3,400 டாலர் கேட்டார்கள். வண்டியை விற்றாலே ஏறக்குறைய அதுதான் வரும். புதுப்பித்த டிரான்ஸ்மிஷனை கன்வர்ட்டரோடு (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாக டிரான்ஸ்மிஷனுக்குக் கடத்தும் பாகம்) 1,450 டாலருக்கு வாங்கி நாமே மாட்டுவது என்று முடிவானது. பழையதைத் திருப்பிக் கொடுக்கும்வரை முன்பணமாக இன்னும் 400.

ஆர்டர் செய்யுமுன் கையுறைப் பெட்டியைத் திறந்து அதிலிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். எம்30 என்று இருந்தால் 4எல்60-ஈ. எம்32 என்றால் அதன் அண்ணன் 4எல்65-ஈ. நான் எல்லாம் சரியாகச் சொல்லியும் முதலில் வந்தது நான்கு சக்கர இழுவை வண்டிக்கானது. பெட்டியைப் பிரித்ததும் பெரியவர் வால்பக்கத்தைக் காட்டினார். எங்கள் வண்டிக்கு, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் நுழைய நீளமான வால் வேண்டும். வந்ததில் வால் மொட்டை. திருப்பி அனுப்பி, சரியானது வர ஒரு வாரம்.

இறக்கும் வேலை ஒரு சனிக்கிழமை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் நன்றாக உயர்த்தினோம். கன்வர்ட்டர் இல்லாமலே ஏறக்குறைய 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. அதை ஜாக்கோடு சேர்த்து வெளியே இழுக்க உயரம் வேண்டும். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றுமுன் அது எந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று மனைவியின் நகப்பூச்சால் கோடு போட்டுக்கொண்டேன். உருவியதும் வாலிலிருந்து எண்ணெய் கொட்டியது. பால் பாக்கெட் கவரை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டோம். கன்வர்ட்டரைப் பிடித்திருக்கும் 3 போல்ட்டை ஸ்டார்ட்டர் இருந்த இடத்து ஓட்டை வழியாக, இன்ஜினைக் கையால் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கழுத்தறுத்தது மேல்பக்க போல்ட்டுகள்தான். பின்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, மூன்றடி நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன்களைக் கோத்து, வால்பக்கத்திலிருந்து கம்பி விடுவதுபோல விட்டு, மச்சினன் டார்ச் அடிக்க நான் குருட்டுத்தனமாகத் துழாவினேன். "மாமா, இன்னும் மேல... இன்னும்... தாண்டிட்டீங்க." இதே வசனம் இரண்டு மணி நேரம். எங்கள் பக்கம் சாலைக்கு அடிக்கடி உப்புப் போடும் அளவுக்குப் பனி கிடையாது. ஒரு போல்ட்டும் துருப்பிடித்து உடையவில்லை. வடக்கே இருப்பவர்கள் இந்த வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

புதியதை ஏற்றுமுன் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவி ஊதினோம். பழைய சிலாம்பு அதில் தங்கியிருந்தால் புதியதையும் கொன்றுவிடும். வெளிவந்த கழிவைப் பார்த்தபோது பெரியவர் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்று புரிந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு கூலரும் சேர்த்தேன்.

இனி கன்வர்ட்டர். இந்த வேலையில் ஒருவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இது ஒரு பெரிய உலோகப் பூசணிக்காய். உள்ளே ஒரு குவார்ட், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், எண்ணெய் ஊற்றி, டிரான்ஸ்மிஷனின் முன்தண்டில் செருகி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். உள்ளே மூன்று இடத்தில் பல் பொருந்த வேண்டும்: இரண்டு தண்டுகள், கடைசியில் எண்ணெய்ப் பம்ப். ஒவ்வொன்றும் பொருந்தும்போது 'டொக்' என்று ஒரு படி இறங்கும். எனக்கு இரண்டு டொக் கேட்டது. நன்றாக உட்கார்ந்துவிட்டதுபோலத்தான் இருந்தது. ஜாக்கை நகர்த்தப் போனேன். பெரியவர் ஒரு அடிக்கோலை வைத்து ஆழம் பார்த்துவிட்டு, "இன்னும் ஒன்று இருக்கு" என்றார். சுற்றினேன், அசைத்தேன், தூக்கித் தூக்கிப் பார்த்தேன். 40 நிமிஷம். கை மரத்துப்போய், சும்மா தளர்வாகப் பிடித்துச் சுற்றினபோது தானாக விழுந்தது மூன்றாவது டொக். அது விழாமல் போல்ட் போட்டு இழுத்து இறுக்கியிருந்தால், இன்ஜின் ஒரு சுற்று சுற்றுமுன் பம்ப் உடைந்திருக்கும். 1,450 டாலர் அந்த இடத்திலேயே போயிருக்கும்.

சரியாக உட்கார்ந்திருந்தால், டிரான்ஸ்மிஷன் இன்ஜினோடு கைபலத்திலேயே இடைவெளியில்லாமல் ஒட்டும். ஒட்டிய பிறகும் கன்வர்ட்டர் தனியாகச் சுழலும். அதற்கும் இன்ஜின் தகட்டுக்கும் நடுவே கால் அங்குலத்துக்கும் குறைவாக ஒரு சந்து தெரியும். அந்தச் சந்தைப் பார்த்த பிறகுதான் சுற்று போல்ட்டுகளை 37 அடி-பவுண்டுக்கு முறுக்கினோம். மற்றதெல்லாம் கழற்றியதைத் தலைகீழாகச் செய்வதுதான், சொல்ல ஒன்றுமில்லை.

டெக்ஸ்ரான் 6 எண்ணெய், மொத்தம் 11 குவார்ட் பிடித்தது. முதலில் 6 ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியராகத் தொட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஞாயிறு மாலை 5 மணிக்கு ரிவர்ஸில் போட்டேன். சின்ன உதறல். வண்டி பின்னால் போனது. மச்சினன் நடுத்தெருவில் நின்று, பஸ் ஸ்டாண்டு கண்டக்டர்போல "வரலாம் வரலாம்" என்று கத்தினான்.

எண்ணெய், கூலர், ஜாக் வாடகை எல்லாம் சேர்த்து, முன்பணம் திரும்பி வந்தது போக, 1,910 டாலர் ஆனது. சோலனாய்டுக்கு அழுத 180ம் இதில் சேர்த்தி.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தேன். காலையில் கூலர் குழாய் சேரும் இடத்துக்கு நேர்கீழே எட்டணா அகலத்தில் ஒரு சிவப்புச் சொட்டு. கழற்றிப் பார்த்தால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் மடிந்து உட்கார்ந்திருந்தது, புதிது போட்டேன். ஒரு மாதம், 900 மைல் ஆகிவிட்டது. அட்டையில் அந்த ஒரு சொட்டுதான், அதுவும் காய்ந்துவிட்டது. இருந்தாலும் அட்டையை இன்னும் எடுக்கவில்லை.