முத்துடை அரி, மணியுடை அரி: கதையில் எதிரொளிப்பு

ஜனவரி 6, செவ்வாய்

ஒரே மாதிரி இரண்டு பாத்திரங்கள், ஒரே மாதிரி இரண்டு காட்சிகள் வைத்துவிட்டால் எதிரொளிப்பு, அதாவது ஒன்றை மற்றொன்றில் கண்ணாடிபோலக் காட்டும் உத்தி, வந்துவிடும் என்று பலர் எழுதத் தொடங்குகிறார்கள். அது பாதி வேலைதான். சிலப்பதிகாரத்தில் இந்த உத்தி ஒரு பொருளாகவே கைக்கு வருகிறது. இரண்டு சிலம்புகள், வெளிவேலைப்பாட்டில் ஒன்றை மற்றதென்று சொல்லிவிடலாம், உள்ளே குலுங்கி ஒலிக்கும் பரல் (தலைப்பில் உள்ள ‘அரி’) மட்டும் வேறு. கதை முழுவதும் அந்தப் பரலில் நிற்கிறது.

எழுதுகிறவருக்கு இதில் ஒரு வேலைமுறை இருக்கிறது. முதலில் பரலை முடிவு செய்ய வேண்டும்: இரண்டுக்கும் எந்த ஓர் இடத்தில் வேறுபாடு? அதன் பிறகுதான் ஒற்றுமைகளைக் கட்ட வேண்டும். ஒற்றுமை மூன்று, வேறுபாடு ஒன்று என்பது நல்ல அளவு. வேறுபாடுகள் நான்கைந்து ஆகிவிட்டால் வாசகர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே மாட்டார்.

ஜனவரி 8, வியாழன்

பதினாறாவது காதையான (காதை என்பது காப்பியத்தின் ஒரு பகுதி) கொலைக்களக் காதையில் அரண்மனைப் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும். ஆடல் மகளிரின் ஆட்டமும் பாட்டும் பாண்டியன் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டன என்று தேவி ஊடுகிறாள். தலைநோய் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். கணவன், மனைவி, நடுவே ஓர் ஆடல். புகாரில் கோவலன், கண்ணகி, மாதவி என்று பார்த்த அதே முக்கோணம். பரல் எது? தேவி ஊடுகிறாள், கண்ணகி ஊடவில்லை.

அந்த ஊடலைத் தணிக்க அரசன் விரைகிறான். வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். கோவலனைக் கள்வன் என்கிறான். ‘சினையலர் வேம்பன் தேரான் ஆகி’, அதாவது வேப்பம்பூ சூடிய பாண்டியன் ஆராயாதவனாகி, கொலை ஆணை பிறக்கிறது. இந்த எதிரொளிப்பை எடுத்துவிட்டால் அரசனுக்கு அவசரமே இல்லை, விசாரித்திருப்பான். நம் பிரதிக்கும் இதையே சோதனையாக வைக்கலாம்: எதிரொளிக்கும் காட்சியை நீக்கிப் பாருங்கள். கதை குலையாமல் நடந்தால் அந்தக் காட்சி வெறும் அலங்காரம்.

இன்னொன்று. ‘கோவலனைப் போலவே இவனும்’ என்று ஒரு சொல்கூட அங்கே இல்லை. ‘போலவே’ எழுதிய இடத்தில் வாசகரின் வேலை பறிபோகிறது.

ஜனவரி 9, வெள்ளி

நேற்றைய முக்கோணத்துக்கு விதை நான்காவது காதையிலேயே விழுந்திருக்கிறது. ஒரே அந்திப்பொழுது, இரண்டு வீடுகள். மாதவி நிலா முற்றத்தில் கோவலனோடு இருக்கிறாள். மற்ற வீட்டில் கண்ணகியின் ‘அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய’. சிலம்பு காலில் இல்லை என்பதே அங்கே செய்தி. நான்கிலிருந்து பதினாறு வரை பன்னிரண்டு காதை இடைவெளி. அவ்வளவு தூரம் தாங்க வேண்டுமானால் வாசகர் மறக்க முடியாத உருப்படி ஒன்று இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இங்கே அது சிலம்பு.

ஜனவரி 12, திங்கள்

எனக்கு மிகவும் பிடித்தது ஏழாவதாக வரும் கடற்கரைப் பாட்டுப் பகுதியான கானல்வரிதான். கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் புலவாத காவேரியை வாழ்த்துகிறான். பதிலுக்கு மாதவி அதே காவேரியை, அதே ‘வாழி காவேரி’ முடிப்போடு பாடுகிறாள். அவனுடையதில் வேறொருத்தி மேல் மனம் வைத்தவனின் குறிப்பு இருந்தது. அவளும் வேறொருவன் மேல் மனம் வைத்தவள்போலப் பாடிக் காட்டினாள். சமமாகத் திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் அவன் தன் பாட்டை விளையாட்டென்றும் அவள் பாட்டை உண்மையென்றும் எடுத்துக்கொண்டு, ‘மாயப்பொய் பலகூட்டும் மாயத்தாள் பாடினாள்’ என்று எழுந்து போகிறான்.

கதைக்குள்ளேயே ஒருவர் எதிரொளிப்பைத் தவறாகப் படிக்க வேண்டும். அரசன் சிலம்பில் தவறுகிறான், கோவலன் பாட்டில் தவறுகிறான். எல்லாரும் சரியாகப் புரிந்துகொண்டால் அடுத்து நடக்க எதுவும் இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

சொல்லளவில் எதிரொளிப்பு. ‘கள்வன்’ என்ற சொல்லைப் பின்தொடர்ந்தால் போதும். பதினாறில் கொல்லன் அதைக் கோவலன் மேல் ஏற்றுகிறான். பதினெட்டில் கதிரவன் ‘கள்வனோ அல்லன்’ என்கிறான். இருபதில் அரசன் ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ (கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல) என்று வாதாடுகிறான். சற்று நேரத்தில் ‘யானோ அரசன் யானே கள்வன்’. சொல் மாறவேயில்லை, ஆள் மாறிவிட்டான். ‘தேரான்’ என்பதும் அப்படியே. பதினாறில் கவி சொன்னது இருபதில் ‘தேரா மன்னா’ என்று கண்ணகி வாயில் திரும்புகிறது.

இங்கே நடக்கும் பிழை, இரண்டாம் முறை வேறு சொல் போடுவது. ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று கூச்சப்பட்டு ‘திருடன்’, ‘கொள்ளைக்காரன்’ என்று மாற்றினால் சங்கிலி அறுந்துவிடும்.

ஜனவரி 19, திங்கள்

கனவுகள். ஒன்பதாவது காதையில் கண்ணகியின் கனவு, இருபதில் தேவியின் கனவு. முன்னதில் ஊர், பழி, காவலன் முன் வழக்கு, அவனுக்கும் ஊருக்கும் உற்ற தீங்கு எல்லாம் நிகழ்ச்சியாகவே வருகின்றன. பின்னதில் நிமித்தங்கள் மட்டும்: செங்கோலும் வெண்குடையும் விழுகின்றன, வாயில் மணி நடுங்குகிறது, இரவில் வானவில், பகலில் விழும் விண்மீன். இரண்டையும் ஒரே விவரத்தில் எழுதியிருந்தால் இரண்டாவது சலித்திருக்கும். இரண்டாம் முறை வருவது சுருக்கமாகவே இருக்கட்டும். வாசகரிடம் முதலாவது ஏற்கனவே இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

வழக்குரை காதை. கொலைக்களக் காதையில் சிலம்பின் மணியும் வயிரமும் பசும்பொன் வேலையும் வர்ணிக்கப்பட்டன, உள்ளே என்ன என்பது அங்கே இல்லை. கடைசி நிமிடம் வரை பரலை மறைத்து வைத்ததால்தான் ‘மணியுடை அரியே’ என்று கண்ணகியும் ‘முத்துடை அரியே’ என்று அரசனும் சொல்லும் இரண்டு அடிகள் இவ்வளவு கனக்கின்றன. இந்த இரண்டு தொடரிலும் மாறுவது ஒரே சொல்.

சிலம்பு உடைகிறது, மணி அரசன் வாய்முதல் தெறிக்கிறது, அவன் உயிர் போகிறது. கணவனை இழந்தவள் ஒருத்தி அவையில் நிற்கிறாள். அவள் எதிரே அந்தக் கணமே கணவனை இழந்த இன்னொருத்தி, மற்றச் சிலம்புக்கு உரியவள், ‘கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்’ என்று அவன் அடி தொழுது வீழ்கிறாள்.