மில்லுக்காரர் மில்லு பார்க்கப் போன கதை

அப்பாவை இந்த ஊர்ல எங்க கூட்டிட்டுப் போனாலும் ஒரே முகம்தான். நயாகராவைப் பார்த்துட்டு "தண்ணி நெறைய வருது"ன்னார். லிங்கன் நினைவிடத்துல அத்தனை படி ஏறி மூச்சு வாங்கிட்டு "உக்காந்திருக்கார்"ன்னார். இவருக்கு அதுல ஏக வருத்தம். மாமனார் மாமியார் வந்தா எங்கெங்க போகணும், எங்க பார்க்கிங் இலவசம்னு எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருக்கிற மனுஷன். அந்த ஷீட்டோட கடைசி வரிசையில, பெட்ரோல் செலவு ரொம்பக் கம்மிங்கிற ஒரே தகுதியில இடம் பிடிச்சிருந்ததுதான் கால்வின் ரன் மில். தண்ணியில ஓடுற பழைய மாவு மில்லு, வர்ஜீனியாவுல ரூட் 7 மேல, கிரேட் ஃபால்ஸ்ங்கிற ஊர்ல இருக்கு. டைசன்ஸ் கடைகளுக்குப் போறப்பல்லாம் தாண்டித்தான் போறோம், ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

குறிப்பிட்ட ஞாயிறுகள்லதான் அங்க மாவு அரைச்சுக் காட்டுவாங்க. "நாளைக்கு மாவு மில்லுக்குப் போறோம்"னு இவர் ராத்திரி சாப்பிடும்போது சொன்னார். சொன்ன விதம் தப்பில்லை. கேட்டது எங்க அம்மா, அதுதான் விஷயம்.

காலைல கார் டிக்கியில ஒரு மஞ்சப்பை. உள்ள படேல் பிரதர்ஸ்ல வாங்கின ராகி, கழுவி, காய வச்சு, வறுத்து, ரெடியா! எப்ப வறுத்தாங்கன்னே தெரியல. நம்ம வீட்டு ஸ்மோக் அலாரம் கொத்தமல்லி தாளிச்சாலே கத்தும், அது எப்படி சும்மா இருந்துச்சோ. "மில்லுக்குப் போறப்ப கையை வீசிட்டா போவாங்க, அம்முணி?"ங்கிறாங்க அம்மா. கோபில முப்பது வருஷமா மாவு மில்லு வச்சிருந்த வீட்டுப் பொம்பளை கேக்கற கேள்விதானே.

போய் இறங்கினா, அழகான செங்கல் கட்டடம். 1811 வாக்கில கட்டினதாம். பக்கத்துல மரச் சக்கரம், மேல மர வாய்க்கால். தண்ணி வாய்க்கால்ல வந்து சக்கரத்து மேல விழுது, அந்தக் கனத்துல சக்கரம் சுத்துது. அப்பா ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் "தண்ணி வருது" வகையில ஏதாவது வரும்னு காத்திருந்தேன்.

"நம்ம தடப்பள்ளி வாய்க்கால்ல இப்படி ஒண்ணைப் போட்டிருந்தா ஈபி பில்லே கட்டியிருக்க வேண்டாமே"ன்னார்.

ஈபி பத்தி அவர் பேச ஆரம்பிச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ஆனா நல்லவேளை, உள்ள மணி அடிச்சுக் கூப்பிட்டுட்டாங்க.

உள்ளே ஏப்ரன் கட்டின ஒரு தாத்தா விளக்கம் சொன்னார். ஆலிவர் எவன்ஸ்னு ஒருத்தர், 1790ல அமெரிக்கா கொடுத்த மூணாவது காப்புரிமையே அவரோட இந்த மில்லு ஏற்பாட்டுக்குத்தானாம். தானியத்தை ஒருத்தரும் தலையில தூக்க வேண்டாம். பட்டையில கோத்த சின்னச் சின்ன டப்பா மேல் மாடிக்கு அள்ளிட்டுப் போகும், அரைச்ச மாவையும் அதே மாதிரி மேல ஏத்தி, ஒரு சுத்துற பரம்பு அதைப் பரப்பி ஆற வைக்கும், அப்புறம் தானா கீழ இறங்கிச் சலிக்கிற இடத்துக்குப் போகும். எல்லாமே தண்ணி சுத்துற சுத்துல. ஜார்ஜ் வாஷிங்டன்கூட மவுண்ட் வெர்னான்ல இருந்த தன்னோட மில்லுல இதைப் போட்டுக்கிட்டாராம். மாவைப் பரப்பி ஆற வைக்க அதுக்கு முன்னாடி ஒரு பையனைத்தான் வேலைக்கு வச்சிருப்பாங்களாம். இதை நான் மொழிபெயர்த்ததும் அப்பாவுக்கு முகம் மாறிடுச்சு. "இது மட்டும் இருந்திருந்தா அந்த மாரிமுத்துப் பயலுக்கு தீபாவளி போனஸ் கொடுத்திருக்க வேண்டாம்." அந்தப் பயல் இப்ப பேரன் எடுத்துட்டான், அப்பா இன்னும் அந்தக் கணக்கை முடிக்கல.

அடுத்து கூலி விஷயம். அந்தக் காலத்துல காசு கிடையாது, அரைக்கக் கொண்டுவர தானியத்துல பெரும்பாலும் எட்டுல ஒரு பங்கை மில்லுக்காரர் எடுத்துக்குவார்னார் தாத்தா. அம்மா வாயில கை வச்சாங்க. "எட்டுல ஒண்ணா! பகல் கொள்ளையால்ல இருக்கு?" சொல்லிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தாங்க. மெஷின் ஓரத்துல தங்குற மாவு யாருக்குச் சொந்தம்ங்கிற அந்தப் பழைய வழக்கு. "நான் எடுத்தது தூசி மாவு. அது மாட்டுக்கு"ன்னார் அப்பா, வர்ஜீனியாவுல, யாரும் கேக்காமயே.

இதுக்குள்ள மஞ்சப்பை எப்படியோ டிக்கியிலிருந்து அம்மா தோளுக்கு வந்திருந்துச்சு. "மாப்ளைங்க, அந்தத் தாத்தாகிட்ட நம்ம ராகியைப் போட்டுத் தரச் சொல்லுங்க. ஆனா முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேளுங்க. மொளகாய்னா வேண்டாம்."

இவர் எழுந்து, தொண்டையைச் செருமி, நல்ல இங்கிலீஷ்ல, "என் மாமியாருக்கு உங்க மில் ரொம்பப் பிடிச்சிருக்காம்"னார்.

தாத்தா நெஞ்சுல கை வச்சு நன்றி சொன்னார்.

"என்ன சொல்றார்? கூலி எவ்வளவாம்?"

"இன்னைக்கு மக்காச்சோளம் மட்டும்தானாம் அத்தை"ன்னார் இவர், கண்ணு கூசாம. இந்தத் திறமையை ஆபீஸ் மீட்டிங்ல காட்டியிருந்தா எப்பவோ டைரக்டர் ஆகியிருப்பார்.

அரைப்பு ஆரம்பிச்சுது. சக்கரம் என்னமோ அசைஞ்சு அசைஞ்சுதான் சுத்துது. உள்ள பல்சக்கரம் மாத்தி மாத்தி ஏறி, கல்லு பறக்குது. மரத்தரை முழுக்க அதிருது. சின்னவன் காதைப் பொத்திக்கிட்டான். அப்பா மட்டும் தலையைச் சாய்ச்சு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தார். அப்புறம் கயிறு கட்டியிருந்த இடம் வரைக்கும் போய், தாத்தா கிண்ணத்துல நீட்டின மாவுல கொஞ்சம் எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சார். மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்தார்.

"நொறநொறங்குது. கல்லை ஒரு இழை எறக்கச் சொல்லு."

நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கறதுக்குள்ள, அப்பா ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சு, நெருக்கிக் காட்டினார். தாத்தா அவரைப் பார்த்தார். தானும் ஒரு சிட்டிகை எடுத்து அதே மாதிரி கட்டை விரலால தேய்ச்சார். சிரிச்சார். போய் ஒரு திருகாணியை அரைச் சுத்து திருப்பினார். மறுபடி மாவைக் கொண்டுவந்து, எங்களையெல்லாம் விட்டுட்டு, நேரா அப்பாகிட்ட நீட்டினார். அப்பா தேய்ச்சுப் பார்த்துத் தலையாட்டினார்.

அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேரையும் யார் மதிக்கிறாங்க? அப்பா உளி பிடிக்கிற மாதிரி காட்டி, டக் டக்னு வாயில சத்தம் போட்டு, கல்லு கொத்தறது யாருன்னு கேட்டார். தாத்தா ஓரமா சாத்தியிருந்த ஒரு பழைய கல்லுகிட்ட கூட்டிட்டுப் போய் வரிவரியா வெட்டியிருந்ததைத் தடவிக் காட்டினார். அந்தக் காலத்துல உசத்தி மில்லுக்கெல்லாம் கல்லு பிரான்ஸ்லருந்து வருமாம், துண்டு துண்டா ஒட்டி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "தெரியுது, தெரியுது"ன்னு கையைக் காட்டிட்டார். தாத்தா சட்டைக் கையை மடிச்சு முன்கையில ஒரு தழும்பைக் காட்டினார். அப்பா தன்னோடதைக் காட்டினார். பெல்ட் அறுந்து அடிச்சது. அந்தக் கதையை எனக்கே அவர் முழுசாச் சொன்னதில்லை, கேட்டா "என்னமோ பட்டுடுச்சு"ன்னு முடிச்சுடுவார். அங்க கையும் காலும் ஆட்டி முழுசா நடிச்சுக் காட்டினார், விழுந்தது, அம்மா மஞ்சளைக் கொட்டினது உள்பட.

அம்மா இதுக்குள்ள ஜெனரல் ஸ்டோருக்குப் போயாச்சு. மரக் கவுன்ட்டர், கண்ணாடி ஜாடி முழுக்க மிட்டாய். "நம்ம செட்டியார் கடையேதான்"னு ஒரே சந்தோஷம். சின்னவனுக்கு மிட்டாய் வாங்கினாங்க, ஒரு பை மக்காச்சோள மாவும் வாங்கினாங்க. கவுன்ட்டர்ல இருந்த கடைக்காரம்மாகிட்ட கொசுறு கேட்டாங்க. எந்த மொழியிலன்னு எனக்குத் தெரியாது, ஆனா வெளியில வரும்போது சின்னவன் கையில கூடுதலா ஒரு மிட்டாய் இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி மக்காச்சோளக் களி. அப்பா ரெண்டு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இவர் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து அந்த வரிசைக்குப் பச்சைக் கலர் அடிச்சார்.

இப்ப தொல்லை வேற மாதிரி. எந்த மாவைப் பார்த்தாலும் அப்பா தேய்ச்சுப் பார்க்கணும். நேத்து காஸ்ட்கோவுல ஆட்டா மூட்டை முன்னாடி நின்னு, தைச்ச நூலை லேசா இழுத்துப் பார்த்துட்டு இருந்தார். இவர் வண்டியைத் தள்ளிக்கிட்டு யாரோ எவரோ மாதிரி அடுத்த வரிசைக்குப் போயிட்டார். நான் போய்த் தடுத்தா, அம்மா சொல்றாங்க, "சும்மா இரு அம்முணி. கல்லு சூடேறி அரைச்சிருக்காங்களான்னு பார்க்கட்டும்."