பென்சிலைவிட ரப்பர் தேய்ந்த வேலை

போன வருஷம் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்காக ஒரு சின்ன இடத்தை வடிவமைத்துக் கொடுத்தேன். நான்கு தெருக்கள் சேரும் இடம், 420 சதுர மீட்டர். இரண்டு பெரிய மரங்கள், நாலைந்து சிமென்ட் பெஞ்சுகள், ஓரத்தில் ஆறு கார்கள், மீதியெல்லாம் பேவர் பிளாக். "பசுமையா, நவீனமா ஏதாவது செய்யுங்க" என்றார்கள். செய்தேன். மூன்று வாரத்தில் பதினோரு தாள்! இரும்புச் சட்டத்தில் செங்குத்துத் தோட்டம், சோலார் கூரை, நடுவில் நீரூற்று. 3டி படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். 3டி படங்களில் யாருக்கும் வியர்ப்பதில்லை.

சோலார் கூரைக்கு எங்கே வெயில் விழுகிறது என்று பார்க்கத்தான் ஒருநாள் மதியம் 3 மணிக்கு அங்கே போனேன். பெஞ்சுகள் காலி. ஏழெட்டுப் பேர் மரத்தடியில், தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கையில் இருந்த அகச்சிவப்பு வெப்பமானியால் சும்மா அளந்து பார்த்தேன். வெயிலில் கிடந்த பேவர் பிளாக் 57 டிகிரி. அதே கல் மர நிழலில் 36. மரத்தடியில் ஒரு கல் பெயர்ந்து மண் தெரிந்த இடத்தில் 31. பத்தடிக்குள் 26 டிகிரி வித்தியாசம். என் பதினோரு தாளில் ஒன்றுகூட அதைச் செய்திருக்காது.

அப்புறம் இன்னொன்றைக் கவனித்தேன். மேற்கே இறங்கும் வெயில் முகத்தில் அடிக்க வேண்டும், சரி. முதுகும் ஏன் சுடுகிறது? திரும்பினால் எதிர்ச்சாரியில் கண்ணாடி முகப்போடு ஓர் ஆறு மாடிக் கட்டடம். ஒன்பது வருஷத்துக்கு முன் அதை வரைந்தது நான்தான். அதன் வரவேற்பறையில் பசுமைச் சான்றிதழ் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அந்தச் சான்றிதழில் பொய் ஒன்றும் இல்லை. வெயிலை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும் பூச்சு போட்ட கண்ணாடி அது. உள்ளே ஏ.சி.க்கு வேலை குறைந்தது, மின்சாரமும் மிச்சம். ஆனால் திருப்பி அனுப்பிய வெயில் எங்கே போகும்? பெஞ்சின் மேல் விழுகிறது. ஏ.சி.யும் அப்படித்தான். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தன் கம்ப்ரஸர் தின்ற மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. கட்டடத்தின் பசுமைக் கணக்கு மதில் சுவரோடு முடிந்துவிட்டது. மிச்சத்தைத் தெரு கட்டுகிறது.

2013இல் லண்டனில் ஃபென்சர்ச் தெருவின் 20ஆம் எண் கட்டடம் செய்ததைப் பலர் படித்திருப்பீர்கள். உட்குழிந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த ஒரு காரின் பாகங்களை உருக்கிவிட்டது. மறுவருஷம் முகப்பில் தடுப்புகள் பொருத்தினார்கள். அப்போது நானும் சிரித்தேன். என் கட்டடம் காரை உருக்கவில்லை, ஒரு பெஞ்சைக் காலி செய்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் ஜன்னலுக்கு மேலே நீட்டும் சன்ஷேடு அதைத் தடுக்காது, நிமிர்ந்து நிற்கும் தடுப்பு வேண்டும், இல்லையென்றால் மரம் வேண்டும். கல்லூரி முதல் வருஷப் பாடம் இது. முகப்பின் அழகு கெடும் என்று நான்தான் அந்தத் தடுப்புகளை டிராயிங்கில் அழித்தேன்.

அன்று இரவு பிரான்ஸில் போர்தோ நகரத்தின் லியோன் ஓகோக் சதுக்கம் ஞாபகத்துக்கு வந்தது. 1996இல் அதை அழகுபடுத்தச் சொல்லி நகராட்சி ஆன் லகாத்தோன், ழான் பிலிப் வஸ்ஸால் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்களிடம் கேட்டது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள், குடியிருப்பவர்களிடம் பேசினார்கள், கடைசியில் எதுவும் கட்ட வேண்டாம் என்றார்கள். இடம் ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது, சரளையை மாற்றுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், மரங்களைக் கவனியுங்கள் என்பதுதான் மொத்தத் திட்டம். இதே இருவர்தான் பிற்பாடு அதே ஊரில் 530 வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பை இடிக்காமல், ஆட்களை வெளியேற்றாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிப்பக்கம் வெளிச்சமான ஓர் அறையைச் சேர்த்தார்கள். 2021இல் அவர்களுக்குக் கட்டடக்கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது.

ஒன்றும் செய்யாதே என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் பதினோரு தாளையும் ஓரம் வைத்துவிட்டு, எதை எடுக்கலாம் என்று பட்டியல் போட்டேன்.

முதலில் மரத்தின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்த கான்கிரீட் வளையம். வேருக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அப்புறம் 260 சதுர மீட்டர் பேவர் பிளாக். கல்லுக்கு நடுவே இடுக்கு இருப்பதால் தண்ணீர் இறங்கும் என்று நினைக்கிறோம். கொஞ்ச நாளில் இடுக்கில் தூசி அடைத்துக்கொள்ளும், அடியில் மண்ணை வேறு இடித்துக் கெட்டியாக்கி வைத்திருப்பார்கள். மணிக்கு 30 மி.மீ. மழை பெய்தால் இந்த 420 சதுர மீட்டரில் விழுவது 12,600 லிட்டர். மரத்தின் வேரைத் தொடாமல், எதிர் ஓரத்தில் நூறு சதுர மீட்டரை மட்டும் 15 செ.மீ. தாழ்த்தினால் 15,000 லிட்டர் நிற்கும். நடைபாதையின் ஓரக்கல்லை நாலு இடத்தில் வெட்டிவிட்டால் தெருத் தண்ணீரும் கொஞ்சம் உள்ளே வரும். 2011 ஜூலை 2ஆம் தேதி பெய்த பேய்மழையில் மூழ்கிய டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் இதைத்தான் பெரிதாகச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே டோஸிங்கே சதுக்கத்தில் தாரைப் பெயர்த்துவிட்டுச் செடிகளோடு பள்ளம் விட்டிருக்கிறார்கள்.

கொத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. முப்பது வருஷமாக ரசமட்டம் வைத்துத் தண்ணீரை வெளியே ஓட்டியவர். "சார், பள்ளம் விட்டா கொசு வருமே?" நியாயமான கேள்வி. முட்டை கொசுவாக ஒரு வாரம் போல ஆகும், அதற்குள் தண்ணீர் இறங்கிவிட வேண்டும். இரண்டு பேருமாக ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, குச்சியில் கோடு போட்டு உட்கார்ந்திருந்தோம். மணிக்கு 4 செ.மீ. இறங்கியது. பள்ளம் நிரம்பினாலும் நாலு மணி நேரத்தில் காலி. அதற்குப் பிறகு அவர் என்னைவிட ஆர்வமாகிவிட்டார்.

உண்மையான சண்டை கார்களால்தான் வந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்து வோபான் பகுதியில் கார் வைத்திருப்பவர்கள் குடியிருப்பின் விளிம்பில் உள்ள அடுக்கு நிறுத்தத்தில் காசு கொடுத்து இடம் வாங்க வேண்டும், வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்று படத்தோடு விளக்கினேன். ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எப்படி சார் வந்தீங்க?" என்றார். காரில். வாசலில்தான் நிறுத்தியிருந்தேன். மூன்று கூட்டத்துக்குப் பிறகு ஆறில் இரண்டு இடம் கிடைத்தது. அங்கே இரண்டு மரக்கன்று.

கண்ணாடிக் கட்டடத்தின் நிர்வாகத்திடம் தடுப்புப் பலகைகள் வரைந்து எடுத்துப் போனேன். வேண்டாம் என்றார்கள். முகப்பின் அழகு கெடுமாம்.

எங்கள் தொழிலில் கூலி என்பது கட்டும் செலவில் இத்தனை சதவீதம். எவ்வளவு குறைத்தேனோ அவ்வளவு குறைந்தது. சங்கத்தின் பொருளாளர் பில்லைப் பார்த்துவிட்டு, ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டார்.

பெஞ்சுகள் எல்லாம் இப்போது மரத்தடியில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பெயர்க்க முடியவில்லை, அடியில் அவ்வளவு கான்கிரீட். 3 மணிக்கு அதில் இன்னமும் யாரும் உட்காருவதில்லை.