வாரக் கணக்கும் வாய்தாவும்

கருக்கலைப்புக்கு அனுமதி கேட்கும் ரிட் மனுக்களில் அடிக்கடி சறுக்குவது வாரக் கணக்கில்தான். ஸ்கேன் அறிக்கையில் இருப்பது ஸ்கேன் எடுத்த அன்றைய வாரம். 23 வாரம் என்று அதை அப்படியே பிரமாணப் பத்திரத்தில் எழுதி, பத்து நாள் கழித்து மனு விசாரணைக்கு வந்தால் 24 தாண்டிவிடும். கடைசி மாதவிடாய்த் தேதி, ஸ்கேன் தேதி, தாக்கல் நாளில் எத்தனை வாரம் எத்தனை நாள் என மூன்றையும் எழுத வேண்டும்.

அதற்கு முன், நீதிமன்றம் தேவையா என்று பாருங்கள். 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, அச்சட்டத்தின் விதி 3பி சொல்லும் பிரிவினருக்கு (வன்புணர்வுக்கு ஆளானவர்கள், சிறுமிகள் போன்றோர்) இரண்டு மருத்துவர்களின் கருத்து. வயது வந்த பெண்ணுக்குப் படிவம் சி-யில் அவர் சம்மதம் மட்டுமே வேண்டும்; கணவர் கையெழுத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. மணமாகாதவர் என்பதற்காக 24 வாரத்துக்குள் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொல்லிவிட்டது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி தரும் தகவலில் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில்தான். இது தெரியாமல் திருப்பி அனுப்பப்பட்டே பலர் வாரங்களை இழக்கிறார்கள். வேதனை அதுதான்.

24 வாரத்துக்குப் பிறகு சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி குறுகலானது: கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிய வேண்டும், அல்லது தாயின் உயிரைக் காக்க உடனடித் தேவை இருக்க வேண்டும். வன்புணர்வுக்கு ஆளானவர்கள் அரசியலமைப்பின் 226-ஆம் கூறைப் பிடித்து உயர் நீதிமன்றம் வருவது இதனால். 21-ஆம் கூறின் தனிமனிதச் சுதந்திரத்தில் மகப்பேறு குறித்த முடிவும் அடங்கும் என 2009-லேயே தீர்ப்பு உண்டு. ஆனாலும் 'கருவில் குறைபாடு இல்லை' என்ற ஒற்றை வரியோடு குழு அறிக்கையை முடித்துவிட்டால், அந்தப் பெண்ணைப் பற்றி நீதிபதி முன் எந்தக் காகிதமும் இருக்காது. அவருடைய உடல், மன நிலையையும் குழு மதிப்பிட வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே இடைக்கால மனுவிலேயே கேள்விகளை எழுதிக் கொடுங்கள்: கர்ப்பம் தொடர்ந்தால் இவருக்கு என்ன நேரும்? இப்போது கலைப்பது முழுமாதப் பிரசவத்தைவிட ஆபத்தா? குழுவில் மனநல மருத்துவர் ஒருவரையும் கேளுங்கள்.

குற்ற வழக்கு இருந்தால், டிஎன்ஏ பரிசோதனைக்குக் கருத்திசுவைப் பாதுகாக்கும் உத்தரவையும் சேர்த்தே கேட்க வேண்டும். விட்டுவிட்டால் பிறகு மீட்க முடியாது. உத்தரவு நகல் அன்று மாலைக்குள் மருத்துவமனை டீன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டு வழக்குக் கட்டை மூடுங்கள்.