வெட்டவெளியிலும் சாட்டிலைட் பிடிக்காத கார் செட்

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போனால் ஊர் தாண்டியதும் வயல்தான். வானத்தை மறைக்க மலையும் இல்லை, அடுக்குமாடியும் இல்லை. அங்கேயும் மேப்பில் அம்புக்குறி நகராவிட்டால் கோளாறு டேஷ்போர்டுக்குள்தான். பழைய காரில் ஆண்ட்ராய்டு செட் (பாட்டும் மேப்பும் காட்டும் திரை) மாட்டியபோது பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் கரண்ட். பெரும்பாலான செட்டுகளில் மஞ்சள் ஒயர் நேரடி பேட்டரி, சிவப்பு ஏசிசி (சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் கரண்ட்), கறுப்பு எர்த். கார் பக்கத்து நிறத்தை நம்பவே கூடாது. மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் 12 வோல்ட் காட்டுவது மஞ்சளுக்கு. சாவி ஏசிசிக்கு வந்தால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. இவை மாறினால் வண்டியை அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழிந்துவிடும். இரண்டையும் பேட்டரியிலேயே முறுக்கிவிட்டால் செட் தூங்காது. அரை ஆம்பியர் இழுத்தாலும் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றரை நாளில் பாதியாகும். சந்தேகம் வந்தால் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் தொடராகப் போட்டு, கதவுகளைச் சாத்தி அரைமணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'உய்ய்ங்' சத்தம் ஏறினால் முதல் சந்தேகம் எர்த் மேல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பாடி போல்ட் துரு ஏறிவிடும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, செட்டின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரை மட்டும் பாடியில் தொட விடாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடும்.

இனி ஜிபிஎஸ். ஆன்டெனாவைச் செட்டின் பின்னாலேயே சுருட்டி வைத்துவிடுவதுதான் பல கடைகளில் வழக்கம். செட்டின் தகரப் பெட்டி சிக்னலை மறைத்துவிடும். ஆன்டெனாவை முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு மேல், காந்தப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். அடியில் சிறு தகரத் துண்டு இருந்தால் இன்னும் நல்லது. அப்படியும் பிடிக்காவிட்டால் ஒயரைக் கழற்றி, செட் பக்கத்து சாக்கெட்டின் நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே அளக்க வேண்டும். 3 முதல் 5 வோல்ட் வந்தால் செட் சரி, ஆன்டெனாவை மாற்றுங்கள். எதுவும் வராவிட்டால் பழுது செட்டில். மலிவான டேஷ்கேமும் யூஎஸ்பி சார்ஜரும்கூட ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கும். அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

புது செட் முதல் தடவை வானத்தைத் தேடச் சில நிமிடம் எடுக்கும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுதாக இறங்கவே 12.5 நிமிடம் ஆகும். அதற்குள் ஆன்டெனாவைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தால் வேலைக்காகாது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சிக்கி நின்றால் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கும்.