4,250 கிலோ வானும் ஐந்து மணித்தியாலப் பயிற்சியும்

லண்டனில் மொத்தக் கடையொன்றுக்கு வான் ஓடுகிறேன். அரிசி மூட்டை, எண்ணெய் டின் என்று ஏற்றிப்போய்க் கடை கடையாக இறக்குவது வேலை. 2023இல் முதலாளி டீசல் வானைக் கொடுத்துவிட்டு மின்சார வான் எடுத்தார். கதவைத் திறந்தால் தகட்டில், வானும் ஆளும் சாமானும் சேர்த்து ஆகக்கூடிய பாரம் 4,250 கிலோ என்று கிடக்கிறது. என்னுடைய பி லைசன்ஸ், அதாவது சாதாரண கார் லைசன்ஸ், 3,500 கிலோவோடு சரி. எங்களோடு வேலை செய்யும் அண்ணை 1997க்கு முதலே இங்கே கார் லைசன்ஸ் எடுத்தவர், அவருக்கு 7.5 தொன் வரை தானாகவே இருக்கிறது, சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிவிட்டார்.

தேடிப் பார்த்தபோதுதான் விலக்கு இருப்பது தெரிந்தது. பற்றரியின் பாரத்தால் ஏற்றும் சாமான் குறைந்துவிடும் என்பதால், மின்சாரம், காஸ் போன்ற மாற்று எரிபொருள் வான் என்றால் பி லைசன்சிலேயே 4,250 வரை ஓடலாம் என்று அப்போது இருந்தது. ஆனால் சாமான் ஏற்றும் வானாக இருக்க வேண்டும், ட்ரெய்லர் இழுக்கக் கூடாது, பிரிட்டனுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, ஐந்து மணித்தியாலப் பயிற்சியும் வேண்டும் என்று நிபந்தனைகள். அங்கேதான் நான் சறுக்கினேன். கார் பழக்கும் ஒருவருக்கு முற்பணம் கட்டிவிட்டேன். லொறி பழக்குபவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது, அதில் உள்ளவர்தான் பழக்கலாமாம். காசு போனது போனதுதான்.

சரியான ஆளிடம் போனபோது முதலில் வானை எடுக்கவே விடவில்லை. 4,250இல் வெறும் வானின் பாரம், என் பாரம், தள்ளுவண்டி எல்லாம் கழித்து மீதிக்கு எத்தனை மூட்டை என்று பேனாவால் கணக்குப் போட வைத்தார். நாங்கள் அதுவரை கண்ணால் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்! அப்புறம் ரோட்டில், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததுமே வான் தானாக இழுத்துப் பிடிப்பது பழக எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. முடிவில் சோதனை ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போட்ட ஒரு தாள்.

2025 ஜூன் 10இல் அந்தப் பயிற்சியையே எடுத்துவிட்டார்கள். ட்ரெய்லரும் இழுக்கலாம், வானும் ட்ரெய்லரும் சேர்த்து மொத்தம் 7 தொன்னுக்குள். ஆனால் சலுகை இப்போது பற்றரி, ஹைட்ரஜன் போன்ற புகையில்லாத வண்டிகளுக்கு மட்டும்தான், காஸ் வானுக்கு இல்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், காசைவிட அந்த மூட்டைக் கணக்கை இனி யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று.

புதிதாக வந்த தம்பி சேர்ந்த அன்றே வானை எடுத்துக்கொண்டு போனான். பின்னேரம் வந்து, "அண்ணை, வான் பழுது, 56 மைலுக்கு மேல ஏறுதில்லை" என்றான். வேகக்கட்டுப்பாடு பூட்டியிருக்கிற விஷயத்தை அவனுக்கு யாருமே சொல்லவில்லை.